நெருப்புக்கு முன்னால் புகை வரும்



நம்ம பக்கம் வெடி விபத்துன்னா தீக்காயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் நடந்ததை நினைச்சுப் பாருங்க. பட்டாசுக் கடையில் வேனில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்திலே ஸ்கேன் சென்டர். அங்கே இருந்தவங்க புகையில் மாட்டி, மூச்சு முட்டி இறந்தாங்க. அன்று போன 8 உயிரில் பெண்களே அதிகம். ஸ்கேன் எடுக்க வந்தவங்களுக்கும் பட்டாசுக்கும் என்ன சம்பந்தம்?

புகையில் கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு இருக்கு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடிச்சுக்கும். ஓட நினைச்சாலும் கால் வராது, மயக்கம் வந்துடும்.

அதனால புகை வந்தா உள் அறையிலோ பாத்ரூமிலோ ஒளியாதீங்க. சூடான புகை மேலே நிற்கும். தரையோடு தவழ்ந்து வெளியே வாங்க. ஈரத்துணி கரியைத்தான் தடுக்கும், அந்த வாயுவைத் தடுக்காது. நகை, பாஸ்புக் எடுக்கத் திரும்பாதீங்க. வாசலே தீயாக இருந்தால் மட்டும் அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கைத் துணியால் அடைத்து, ஜன்னலில் நின்று கூப்பிடுங்க. வெளியே வந்ததும் 101, 108-க்குச் சொல்லுங்க.

எங்க குழு கூடுற வீட்டில் பின்வாசலை மறைச்சு தீப்பெட்டி அட்டைக் கட்டுகளை அடுக்கியிருந்தோம். நானும்தான் அடுக்கினேன். இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்தப்பதான் உறைச்சது. போன வாரம் எல்லாத்தையும் எடுத்துட்டோம். நீங்களும் இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பின்கதவைத் திறந்து பாருங்க.