முடி உதிர்தலும் நமது சாட்சியும்



வழுக்கையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் உங்களிற் சிலர் நமது தலையைப் பார்த்துப் புன்னகை செய்கின்றீர்கள். அதற்கு நாம் வருந்தவில்லை. ஆயினும் இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமன்று. நமது தங்கையின் மகன் சென்ற தேர்த்திருவிழாவுக்கு வரவில்லை. காரணம் யாதெனில், கோயில் வாசலில் தொப்பியைக் கழற்ற வேண்டுமே என்ற கூச்சம். வயது இருபத்தாறுதான். அந்தக் கூச்சத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

வழுக்கைக்கு மருந்து தேடாத காலமே இல்லை. கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் என்னும் எகிப்திய வைத்தியச் சுவடி, நீர்யானை, முதலை, பூனை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பைத் தலையிற் பூசச் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சு தேசத்துத் தோல் வைத்தியர் சபூரோ, ஒருவகைக் கிருமியே காரணம் என்றார். இறுக்கமான தொப்பி இரத்தவோட்டத்தைத் தடுக்கிறது என்றார் வேறு சிலர். உச்சந்தலைத் தோல் இழுபட்டு விறைப்பதே காரணம் என்றார் இன்னுஞ் சிலர். 1936இல் அமெரிக்காவின் குரொஸ்லி வானொலிக் கொம்பனி, தலையிலே கவசம்போல் மாட்டிக் காற்றை உறிஞ்சி இரத்தத்தை இழுக்கும் யந்திரம் ஒன்றையே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? புழுவெட்டு என்னும் பெயரே, ஒரு புழு மயிரைத் தின்கிறது என்ற எண்ணத்திற் பிறந்தது. மொட்டையடித்தால் மயிர் அடர்த்தியாக வளரும் என்பதும் அத்தகையதே. நேர்த்திக்கடனுக்கு முடி கொடுப்பது பக்தி. அதனை நாம் குறைகூறோம். ஆனால் தோலுக்கு வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. அதை வெட்டிய செய்தி உள்ளேயிருக்கும் வேருக்கு எட்டாது. நுனி மழுங்கிய புதுமயிர் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

ஆயினும், விசித்திரமான கொள்கை என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. விதை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று, கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று கூறிற்று. 1942இல் ஜேம்ஸ் ஹமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அத்தகைய ஆண்களைப் பரிசோதித்து அது மெய்யே எனக் கண்டார். அவர்களுக்கு ஆண் ஓமோனை ஏற்றியபோது, பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு மயிர் உதிரத் தொடங்கிற்று. ஆகவே பரம்பரையும் ஓமோனும் கூடியே ஆண்களின் சாதாரண வழுக்கையை உண்டாக்குகின்றன. அந்த ஓமோனை மாற்றும் ஒரு நொதியம் பிறவியிலேயே குறைந்த ஆண்களை டொமினிக்கன் குடியரசிற் கண்டு, 1974இல் அறிஞர்கள் எழுதினர். அந்நொதியத்தைத் தடுக்கும் பினஸ்டரைட் என்னும் மாத்திரை 1997இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. மினொக்சிடில் என்பதோ இரத்த அழுத்தத்திற்கு வந்த மருந்து. உண்டவர்களுக்கு உடம்பெங்கும் மயிர் வளர்வதைக் கண்டு, அதைத் தலைக்குப் பூசும் மருந்தாக்கினர். 1988இல் அதற்கும் அனுமதி கிடைத்தது. இவற்றை நிறுத்தினால் பயனும் நின்றுவிடும், பக்கவிளைவுகளும் உண்டு. வைத்தியர் சொல்லாமல் தொடலாகாது.

முதலைக் கொழுப்புக்கும் இவற்றுக்கும் வேற்றுமை யாது? சோதனையே. ஒரு சாராருக்கு மருந்தும், மறு சாராருக்கு மருந்தற்ற வெறும் பொருளும், எது யாருக்கு என்று எவரும் அறியாதபடி கொடுத்து, பின்னர் மயிரை எண்ணிப் பார்த்தார்கள்.

இனி நமது கதை. பத்தொன்பதாம் வயதில் நமக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. குணமாகி மூன்று மாதத்தில் தலைமயிர் கைகையாகக் கழன்றது. பெரியவர் ஒருவர் கையாந்தகரைச் சாறு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் தந்தார். ஒரு வருடத்துள் முடி முன்போல் வளர்ந்தது. அன்றுமுதல் முப்பது வருடமாக, காண்போருக்கெல்லாம் அவ்வெண்ணெயைப் புகழ்ந்தோம். மருமகனுக்கும் அதையே சொன்னோம். அவர் நம்மை நம்பி இரண்டு வருடம் தேய்த்தார். அது பலிக்காதபோது மேலும் விலையுயர்ந்த போத்தல்களைத் தேடினார். கடைசியில் தோல் வைத்தியரிடம் போனபோது, "தம்பி, முன்னமே வந்திருந்தால் இருந்த முடியில் இன்னுங் கொஞ்சத்தைக் காத்திருக்கலாம்" என்றாராம்.

அப்போதுதான் நமக்கு உண்மை விளங்கிற்று. தலைமயிர் ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம்வரை வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து, பின் உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கமே. கடுங்காய்ச்சலோ பிள்ளைப்பேறோ பல மயிர்களை ஒருங்கே ஓய்வுக்கு அனுப்பிவிடும். இரண்டு மூன்று மாதங்கழித்து அவை கொட்டும். பின்னர் பெரும்பாலும் தாமாகவே முளைக்கும். புழுவெட்டும் புழுவினால் அன்று, உடம்பின் காவற்படையே மயிர்வேரைத் தாக்குவதால் வருவது. சிறிய வட்டங்கள் பல, வைத்தியமின்றியே ஒரு வருடத்துள் மூடிக்கொள்கின்றன. ஆனால் கடைசியாக எதைத் தேய்த்தோமோ அதற்குப் பெயர் வந்துவிடுகிறது!

இளைஞர்களே, நாம் பொய் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்ததும் மெய், மயிர் வளர்ந்ததும் மெய். ஒன்றினால் மற்றது விளைந்தது என்பதை மட்டும் நாமே கற்பித்துக்கொண்டோம். அன்புடையோர் சொல்லும் சாட்சியும் இவ்வாறு தவறலாம். ஆகவே யாரேனும் ஒரு மருந்தைப் புகழ்ந்தால், "தேய்க்காதவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று பணிவாகக் கேளுங்கள். கேள்வி கேட்பது பெரியோரை அவமதிப்பதன்று. முடி கொட்டினால் வெட்கப்பட்டு மறைக்காமல் தக்க வைத்தியரிடம் காலத்தோடு காட்டுங்கள். எண்ணெய் தேய்த்துத் தலைசீவுவதை விடவேண்டியதில்லை. அதனிடம் அற்புதத்தை எதிர்பாராதிருந்தாற் போதும்.

மருமகனிடம் நமது பிழையை ஒப்புக்கொண்டோம். வருகிற தேருக்கு நம்மோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வழுக்கைத் தலைகள் இரண்டும் சேர்ந்தே வடம் பிடிக்கும். அன்றும் நீங்கள் புன்னகை செய்யலாம்.