துறைமுக விளக்கும் துடுப்புப் பிடித்த கையும்

(யூபிலி இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் புனிதர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்று புனிதர் பட்டியலில் இல்லாத ஒரு பெண்மணியை நாம் நினைவுகூருவோம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் துறைமுகம் உண்டு. அதனுள் ‘லைம் ராக்’ என்ற சிறு பாறை. பாறைமேல் கலங்கரை விளக்கு. அதன் காவலருடைய மகள் ஐடா லூயிஸ், 1842-ல் பிறந்தவர். தந்தை பக்கவாதத்தில் விழவே, விளக்கேற்றும் பொறுப்பு தாய்மீதும் மகள்மீதும் விழுந்தது. தம்பி தங்கையரைப் பள்ளியில் விடுவதற்கும், சாமான் வாங்குவதற்கும் ஐடாவே தோணி வலித்தார்.

1869 மார்ச் 29. கடும் புயல். படைவீரர் இருவரும், வழிகாட்ட வந்த ஒரு சிறுவனும் ஏறிய தோணி துறைமுகத்தில் கவிழ்ந்தது. சளியால் அடுப்போரம் அமர்ந்திருந்த ஐடா, காலணியும் மேலங்கியும் இன்றியே ஓடினார். தம்பியை ஏற்றிக்கொண்டு துடுப்பு வலித்தார். நீரில் தத்தளிப்பவனைத் தோணியின் பக்கவாட்டில் இழுத்தால் தோணியே கவிழும்; பின்புறமாகத்தான் ஏற்றவேண்டும். தந்தை கற்பித்த இந்தப் பாடம் அன்று கைகொடுத்தது. வீரர் இருவரும் பிழைத்தனர். துணிவு மட்டும் போதாது, பிள்ளைகளே. கைக்குப் பழக்கமும் வேண்டும்.

ஆனால் சிறுவன் அதற்குள் மூழ்கிவிட்டான். நாம் படித்த வரலாறு எதிலும் அவன் பெயர் இல்லை. இன்றைய மாலைச் செபத்தில் அவனையும் நினைத்துக்கொள்வோம்.

மற்றொரு முறை, கடலில் விழுந்த ஓர் ஆட்டைப் பிடிக்கப்போன மூவர் தாங்களே நீரில் சிக்கினர். ஐடா மூவரையும் கரைசேர்த்தார். பிறகு திரும்பிப்போய் ஆட்டையும் மீட்டார்! லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தை அவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1869-ல் குடியரசுத் தலைவர் கிராண்ட் நேரில் கண்டு பாராட்டினார். பாராட்டு விரைவாக வந்தது, பதவி வரவில்லை. அத்தனை ஆண்டு விளக்கைக் காத்தவருக்குக் காவலர் என்ற நியமனம் 1879-ல்தான் கிடைத்தது. இதில் நமக்கு வருத்தமே.

1881 பிப்ரவரியில் பனிக்கட்டி உடைந்து வீரர் இருவர் நீரில் விழுந்தபோது, தமது காலடியிலும் பனி நொறுங்கும் என்றறிந்தே கயிற்றுடன் ஓடி மீட்டார். அதற்காக அரசின் தங்கப் பதக்கம் பெற்றார். அறுபது வயதைக் கடந்த பின்னும், தோணியிலிருந்து தவறி விழுந்த தோழி ஒருத்தியைத் தூக்கியெடுத்தார்.

1911 அக்டோபரில் அவர் இறந்தார். அன்றிரவு நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களெல்லாம் தங்கள் மணிகளை அடித்தன.