இதயத்தைச் சுற்றிய நீர்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்கள் மேடையேறினால் சீனி, கொழுப்பு என்று பயமுறுத்துவது வழக்கம். இன்று, ஓர் இரவு எங்களுக்குக் கற்பித்ததைச் சொல்கிறோம்.

இதயம் மெல்லிய பையொன்றினுள் இருக்கிறது. அதனுள் வழுவழுப்புக்காக 50 மில்லிலீற்றருக்கு மேற்படாத நீர் இருக்கும். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு முதலியவற்றால் அது பெருகலாம். மெதுவாகப் பெருகினால் பை விரிந்து ஒரு லீற்றரையும் தாங்கும். விரைவாகச் சேர்ந்தால் 200 மில்லிலீற்றரே இதயத்தை நெரித்துவிடும்.

அன்றிரவு வந்த தாய்க்கு மூச்சு முட்டியது, கால்களும் வீங்கியிருந்தன. இதயம் பலவீனமடைந்து உடலில் நீர் தங்கிவிட்டதென நினைத்து, சிறுநீரை வெளியேற்றும் ஊசியை எழுதினோம். ஊசி போட வந்த தாதி, "டொக்டர், பிறஷர் இறங்கிக்கொண்டு போகுது, கழுத்து நரம்பும் புடைச்சிருக்கு. ஒருக்காப் பாருங்கோ" என்றார். நெரிபடும் இதயத்துக்கு வரும் இரத்தத்தை அந்த ஊசி மேலும் குறைத்திருக்கும். அதை நிறுத்தி எக்கோ செய்தோம். இதயம் நீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

முன்னைய காலத்தில் நெஞ்செலும்பின் கீழ்முனையருகே, உள்ளே எதையும் பார்க்காமலே ஊசி குத்தினார்கள். இதயமோ ஈரலோ காயப்படலாம். நாங்கள் எக்கோவில், நீர் ஆழமாகவும் தோலுக்குக் கிட்டவாகவும் உள்ள இடத்தைத் தெரிந்தோம். பெருநாடி கிழிந்து சேர்ந்த இரத்தமல்ல என்பதையும் பார்த்தோம். அதற்கு அவசர சத்திரசிகிச்சையே வழி. ஊசி பையினுள்தான் நிற்கிறதென, குமிழிகள் கலந்த சேலைனைச் செலுத்தித் திரையில் உறுதிசெய்த பின்பே குழாயை விட்டோம். முதலில் சிறிதளவு நீர் வெளியேறியதுமே பிறஷர் ஏறியது. நெருக்குதல் திடீரென முழுதாக நீங்கினாலும் இதயம் தடுமாறலாம். ஆகவே மிகுதியை மெதுவாக வடித்தோம். நாளொன்றுக்கு 25 மில்லிலீற்றருக்குக் குறைவாக வந்த பின்னரே குழாயை அகற்றினோம். அந்தத் தாய் நடந்து வீடு சென்றார்.

விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேள் என்று இந்த வகுப்பறைகளில்தான் எங்களுக்குச் சொன்னார்கள். அன்றிரவு கேட்டவர் அந்தத் தாதி. இன்றும் அவருக்கு நன்றியுடையோம்.

வீட்டில் புற்றுநோய், காசநோய் உள்ளவரோ இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவரோ இருக்கலாம். அவருக்குப் படுக்கையில் மூச்சு முட்டி, முன்னால் சாய்ந்து இருந்தால் இலேசாகிறதா? தலை சுற்றுகிறதா? உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். "இதயத்தைச் சுற்றி நீர் இருக்குமோ?" என்று எங்களிடம் கேளுங்கள். நாங்கள் கோபிக்கமாட்டோம்.