வீணாகும் புகையில் விளைந்த வேகம்



விறகடுப்பில் சமைத்துப் பழகிய தாய்மார்களுக்கு ஊதாங்குழலின் அருமை நன்றாகத் தெரியும். விறகு புகைந்துகொண்டே இருக்கும். தீ மட்டும் பற்றாது. ஊதாங்குழலை எடுத்து இரண்டு மூச்சு ஊதினால் போதும், சுடர் குபீரென்று எழும். அடுப்பும் அதே அடுப்புதான், விறகும் அதே விறகுதான். கூடுதலாக உள்ளே போனது காற்று ஒன்றே.

மோட்டார் வாகனத்தின் இயந்திரமும் ஓர் அடுப்புதான். சிலிண்டர் என்னும் இரும்பு அறைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. கூடுதல் காற்றை அந்த அறைக்குள் திணித்தால், அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோலையும் எரிக்கலாம், சக்தியும் கூடும். ஆனால் ஓடுகின்ற வண்டிக்கு யார் ஊதாங்குழல் பிடிப்பது? ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் 1905-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டு, காப்புரிமை பெற்றார். இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுப்புகை வெப்பமும் விசையும் உடையது. அதை வீணாக வெளியே விடாமல் ஒரு சிறு சக்கரத்தின் மீது பாய்ச்சினால், அந்தச் சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருந்தால், அது வெளிக்காற்றை இழுத்து இயந்திரத்துக்குள் அழுத்தும். அடுப்பின் புகையே அடுப்பை ஊதுகிறது! இந்தக் கருவிக்குத்தான் டர்போ என்று பெயர். இச்சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கும் மேலாகச் சுழலக்கூடியது.

இந்த டர்போவைக் கொண்டு அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டில் 547 மட்டுமே செய்யப்பட்ட ஒரு காரின் கதையை இன்று பார்ப்போம். பியூக் ஜி.என்.எக்ஸ். என்பது அதன் பெயர். ‘எங்கோ ஓடிய விலையுயர்ந்த காருக்கும் நமக்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் கேட்கலாம். நம் சாலைகளில் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் பலவற்றிலும், இன்றைய சிறிய கார்கள் சிலவற்றிலும் இருப்பது இதே டர்போதான். அதோடு, ஒன்றின் பலத்தைக் கூட்ட விரும்புவோர் எதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் இந்தக் கதை நமக்குச் சொல்லும்.

கதையின் நாயகன் காரல்ல; அதன் இயந்திரம். அமெரிக்கர்கள் நெடுங்காலமாக எட்டு சிலிண்டர் இயந்திரங்களை விரும்பியவர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவான பியூக், 1961-இல் ஆறு சிலிண்டர் கொண்ட வி-6 இயந்திரம் ஒன்றை வெளியிட்டது. ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இரு வரிசைகளாகச் சிலிண்டர்கள் அமைந்திருந்ததால் அந்தப் பெயர். பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலம் அது. சிறிய இயந்திரத்தை மதிப்பார் இல்லை. 1967-இல் அதைச் செய்யும் எந்திரக் கருவிகளையே ஜீப் வண்டி தயாரித்த கைசர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். வேண்டாத பிள்ளையைத் தத்துக் கொடுத்த கதைதான்.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏறியது. பெட்ரோல் நிலையங்களில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும் இயந்திரம் உடனே தேவைப்பட்டது. விற்ற கருவிகளையே 1974-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப வாங்கியது! தள்ளிவைத்த பொருள்தான் தக்க சமயத்தில் கை கொடுத்தது.

ஆனால் அந்த இயந்திரத்துக்குக் குறைகள் இருந்தன. முதலாவது அதன் நடை. எட்டு சிலிண்டர் இயந்திரத்துக்கு ஏற்ற கோணத்தில் ஆறு சிலிண்டர்களை வைத்ததால், அவை சம இடைவெளியில் எரியவில்லை. ஒரு கால் நீளமாகவும் மறுகால் குட்டையாகவும் உள்ளவர் நடப்பது போல இயந்திரம் விந்தி விந்தி ஓடியது. 1977-இல் அதன் கிராங்க் தண்டின் அமைப்பை மாற்றி, ஆறு சிலிண்டர்களும் சம இடைவெளியில் எரியும்படி செய்தார்கள். நடை சீரானது.

இரண்டாவது குறை, பலம் போதாமை. இங்கேதான் டர்போ நுழைகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு டர்போ புதிதன்று. 1962-இலேயே அதன் ஓல்ட்ஸ்மொபில் பிரிவு ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. ஆனால் அதில் ஒரு தொல்லை. கூடுதல் காற்றை அழுத்தினால் சிலிண்டருக்குள் வெப்பம் அளவு மீறும். பெட்ரோல் ஒழுங்காக எரியாமல், தானாகவே ஆங்காங்கே வெடிக்கும். ‘டக் டக்’ என்று தட்டும் ஓசை கேட்கும். இந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனே உடைந்துபோகலாம். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனால் என்னும் சாராயமும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியில் வைத்து, சிறிது சிறிதாக உள்ளே தெளித்தார்கள். வண்டி வைத்திருந்தவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானதும் டர்போவின் வேலையைக் குறைக்கும் ஏற்பாடு இருந்ததால், வண்டி பலமிழந்தது. முறையீடுகள் குவிந்தன, 1963-க்குப் பிறகு அந்தக் கார் நின்றுபோயிற்று.

பியூக் பொறியாளர்கள் 1978-இல் டர்போ பொருத்திய வி-6 கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வேறு வழியைக் கையாண்டார்கள். மருத்துவர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்பதுபோல, இயந்திரத்தில் ஓர் உணர்கருவியைப் பொருத்தினார்கள். தட்டல் ஓசை எழுந்ததும் அது மின்னணுக் கருவிக்குச் செய்தி அனுப்பும், தீப்பொறி விழும் நேரத்தை அந்தக் கருவி சற்றே தள்ளிவைக்கும், தட்டல் அடங்கும். மனிதனின் மறதியை நம்பாமல், இயந்திரமே தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

அப்போது அதன் சக்தி 150 முதல் 165 குதிரைச் சக்திதான். பிறகு படிப்படியாக உயர்ந்தது. கார்புரேட்டரை நீக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பெட்ரோலைப் பீச்சும் கணினிக் கட்டுப்பாட்டைச் சேர்த்தார்கள். 1984-இல் கிராண்ட் நேஷனல் என்ற பெயரில் முழுக்கக் கறுப்பு வண்ணத்தில் வந்த காரில் அது 200 குதிரைச் சக்தியாயிற்று.

அடுத்த தடை வெப்பம். சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சிறுவர்களைக் கேளுங்கள். பம்பின் அடிப்பாகம் சுடும் என்பார்கள். அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பது இயற்கை. சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்; குளிர்ந்த காற்றோ அதே இடத்தில் அதிகமாக அடங்கும். ஆகவே டர்போவுக்கும் இயந்திரத்துக்கும் இடையே, ரேடியேட்டர் போன்ற ஒரு குளிர்விக்கும் கருவியை 1986-இல் வைத்தார்கள். சக்தி 235 ஆனது. மறு ஆண்டு 245 ஆயிற்று.

இதற்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. பின்சக்கரங்களால் உந்தப்படும் இந்தக் கார் வகை 1987-உடன் நிறுத்தப்படும். 1988-இல் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் புதிய கார் வரும். ‘எப்படியும் நிற்கப்போகிற வண்டிதானே’ என்று கை கழுவியிருக்கலாம். பியூக் பொறியாளர்கள் அப்படி விடவில்லை. விடைபெறும் முன் இதன் முழுத் திறனையும் காட்டிவிடுவோம் என்று முனைந்தார்கள். அப்படிப் பிறந்ததே ஜி.என்.எக்ஸ். கடைசி எழுத்தான எக்ஸ், ‘சோதனை முயற்சி’ என்பதைக் குறிக்கும்.

இந்த வேலைக்கு ஏ.எஸ்.சி., மெக்லாரன் என்னும் இரண்டு நிறுவனங்கள் இணைந்து கை கொடுத்தன. ஏ.எஸ்.சி. நிறுவனத்தைத் தொடங்கிய ஹைன்ஸ் பிரெக்டர் 1963-இல் ஜெர்மனியிலிருந்து மாணவராக அமெரிக்கா சென்றவர். 1965-இல் ஒரு சிறு கொட்டகையில் கார்களுக்குத் திறந்து மூடும் கூரை வைக்கும் தொழிலைத் தொடங்கி வளர்ந்தவர். மெக்லாரன், பந்தயக் கார் உலகில் பெயர் பெற்றது. தொழிற்சாலையில் முடிந்த கறுப்பு கிராண்ட் நேஷனல் கார்கள் இவர்களுடைய பட்டறைக்கு வந்தன. அங்கே ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றினார்கள்.

என்ன மாற்றினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. டர்போவின் சக்கரத்தைப் பீங்கான் இனத்தைச் சேர்ந்த பொருளால் செய்தார்கள். அது உலோகத்தைவிட இலேசானது. ஆகவே விரைவில் வேகம் பிடிக்கும். காற்றைக் குளிர்விக்கும் கருவியைப் பெரிதாக்கினார்கள். கணினியின் கட்டளைகளைத் திருத்தினார்கள். 276 குதிரைச் சக்தி என்று அறிவித்தார்கள். உண்மையில் அதைவிடக் கூடுதல் என்றே சோதித்துப் பார்த்தவர்கள் பலர் கருதினார்கள்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கூடுதல் பலம் கியர் பெட்டியை வருத்தும். ஆகவே அதன் எண்ணெயைக் குளிர்விக்க வழி செய்தார்கள். கியர் பெட்டியைத் தாண்டிய பலம் பின் அச்சை முறுக்கும்; ஆகவே அச்சிலிருந்து முன்னோக்கி நீண்ட ஓர் இரும்புத் தாங்கியைப் பொருத்தினார்கள். அச்சு இடம் வலமாக விலகாதிருக்கக் குறுக்கே ஒரு கம்பியை வைத்தார்கள். சக்கரங்கள் தரையைப் பற்ற வேண்டுமே! அகலமான டயர்கள் வந்தன. அவற்றுக்கு இடம்விட, சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டை விரிவுபடுத்தினார்கள். இயந்திரச் சூடு வெளியேற, முன்பக்கவாட்டில் காற்றுத் துவாரங்கள் வைத்தார்கள். ஓட்டுநர் கண்காணிக்க, தெளிவான முள் காட்டும் அளவுமானிகளைப் பொருத்தினார்கள். ஓரிடத்தில் பலத்தைக் கூட்டினால், அதைத் தாங்கும் ஒவ்வோர் இடத்தையும் வலுப்படுத்தியாக வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

பலன் என்ன? அதே ஆண்டில் புகழ்பெற்ற கார்வெட் கார், 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இயந்திரத்தில் 240 குதிரைச் சக்தி தந்தது. 3.8 லிட்டரே கொண்ட ஜி.என்.எக்ஸ். அதை மிஞ்சியது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர் வேகத்தை, 4.7 விநாடியில் எட்டியதாகக் ‘கார் அண்ட் டிரைவர்’ என்ற அமெரிக்க இதழ் அளந்து வெளியிட்டது. ஒருகாலத்தில் வேண்டாம் என்று விற்கப்பட்ட இயந்திரம் அல்லவா இது! காரின் விலை 29,290 டாலர். உழைத்துப் பிழைக்கும் அமெரிக்கருக்கே அது எட்டாத விலைதான்.

1987 டிசம்பர் 11-இல் மிச்சிகன் மாநிலத்தின் போண்டியாக் நகரில் கடைசி கிராண்ட் நேஷனல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. கார் நின்றது, ஆனால் அந்த வி-6 இயந்திரக் குடும்பம் மேலும் பல திருத்தங்களுடன் 2008 வரை தயாரிக்கப்பட்டது.

நேயர்களே, நம் இளைஞர்களில் சிலர் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, சத்தம் கூடினால் வேகம் கூடும் என்று நம்புகிறார்கள். டர்போ கழிவுப்புகையின் விசையை உறிஞ்சிக்கொள்வதால், புகைபோக்கியின் சத்தத்தைக் குறைக்கவே செய்கிறது. வீணாகிற விசைதான் சத்தமாகிறது. வண்டியின் வேகத்தைக் கூட்ட நினைக்கும் பிள்ளை, பிரேக் தாங்குமா, டயர் பற்றுமா, சட்டகம் நிற்குமா என்று முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கூட்டிய வேகத்துக்கு விலை, பெற்ற வயிறு சிந்தும் கண்ணீர்தான்.

டர்போ உள்ள லாரியோ காரோ ஓட்டுபவர்கள் மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். சுழலும் அந்தத் தண்டுக்கு இயந்திர எண்ணெயே உயிர். ஆகவே எண்ணெயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். பாரம் ஏற்றி மேடு ஏறி வந்தபின் உடனே இயந்திரத்தை நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, சூடு தணிந்தபின் நிறுத்துவது நல்லது. காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். செம்மண் தூசி உள்ளே போனால் அந்தச் சிறு சக்கரம் தேய்ந்து அழியும்.

இயந்திரங்களில் நாட்டமுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பழைய பம்பையும் சைக்கிளையும் பிரித்துப் பார்க்கிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஏன் சுடுகிறது, ஏன் தட்டுகிறது, ஏன் தேய்கிறது என்று அவனைக் கேட்கச் செய்யுங்கள். தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி முறையாகப் படிக்க வையுங்கள். பெண் பிள்ளைக்கு நாட்டம் இருந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஓர் இயந்திரத்தை உயர்த்தியது, இத்தகைய ‘ஏன்’ என்ற கேள்விகளும் இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட பொறுமையுமே.