டிக் போட்ட நோட்டும் வாசிக்கத் தெரியாத பிள்ளையும்

(1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய நாள், 2021 அக்டோபர் 31 ஞாயிற்றுக்கிழமை, திருவேங்கடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் ஆற்றிய உரை.)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நாளை காலை நம் வீட்டுச் சிறு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் போகிறார்கள். 2020 மார்ச் 17ஆம் தேதி மூடிய கதவு 19 மாதங்களுக்குப் பிறகு திறக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளாவது இந்த ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்களும், செப்டம்பர் முதலும் வகுப்பறையைப் பார்த்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு நாளைதான் முதல் நாள்.

இந்த 19 மாதமும் பாடம் நடந்தது என்றுதான் காகிதத்தில் இருக்கிறது. உண்மையில் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை ஒரு தாயாகச் சொல்ல வந்திருக்கிறேன். யாரையும் குறை சொல்லிவிட்டு உட்கார்வதற்காக அல்ல. நாளையிலிருந்து நாம் என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்காக.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் ஏழாம் வகுப்பு. மகன் இரண்டாம் வகுப்பு. மகனின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பள்ளி மூடியபோது அவன் யு.கே.ஜி. முழு ஆண்டு கூட முடியவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள் கூட அவன் பெஞ்சில் உட்காரவில்லை. இரண்டாம் வகுப்பிலும் பாதி ஆண்டு ஓடிவிட்டது. பள்ளிப் பதிவேட்டின்படி அவன் இரண்டாம் வகுப்பு மாணவன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் விஷயத்தில் அவன் இன்னும் யு.கே.ஜி. பிள்ளைதான். இங்கே உட்கார்ந்திருக்கும் பல தாய்மார் தலையாட்டுகிறீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கணக்குத்தான் என்று தெரிகிறது.

பாடம் எப்படி வந்தது? வாட்ஸ்அப் குரூப்பில் காலை ஒன்பது மணிக்கு ஒரு போட்டோ வரும். புத்தகத்தின் ஒரு பக்கம், அல்லது டீச்சர் எழுதிய நோட்டின் ஒரு பக்கம். பிள்ளை அதைப் பார்த்து எழுத வேண்டும். எழுதியதைப் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு டிக் வரும், சில நாள் ஒரு ஸ்டார் வரும். வாரத்தில் இரண்டு நாள் பெரிய வகுப்புக்கு வீடியோ வகுப்பு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அது அவர்களின் அத்தா கையில் வியாபாரத்துக்குப் போய்விடும். பாடம் வரும் நேரத்தில் போன் கோவில்பட்டியில் இருக்கும். இரவு எட்டு மணிக்கு அது வீடு வந்து சேரும்போது ஒரு பிள்ளை தூங்கியிருக்கும், இன்னொரு பிள்ளை சார்ஜ் ஏறக் காத்திருக்கும்.

இதில் பெரிய குறை நெட் கிடைக்காததோ, ரீசார்ஜ் பணமோ அல்ல. என் மகனின் நோட்டு அழகாக இருக்கிறது. கோடு தாண்டாத எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் டிக். அதே நோட்டில் அவன் கையால் எழுதிய வரியைக் காட்டி, 'இதை வாசிடா' என்றால் அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவன் எழுத்தை எழுதவில்லை, படம் வரைவதுபோல் வரைந்திருக்கிறான். 'மரம்' என்ற சொல்லை ஒரு பூவை வரைவதுபோல் வரைந்து அனுப்பியிருக்கிறான். டிக் விழுந்தது அந்தப் படத்துக்கு. அவன் வாசித்தானா என்று கேட்க அந்த போனுக்குக் காது இல்லை.

நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதுவதை நினைத்துப் பாருங்கள். உஸ்தாத் என்ன செய்கிறார்? ஒவ்வொரு பிள்ளையையும் எதிரில் உட்கார வைத்து, நேற்றைய சபக்கைக் கேட்கிறார். ஒரு எழுத்து தொண்டையிலிருந்து வர வேண்டியது நாக்கிலிருந்து வந்தால் நிறுத்துகிறார், திருத்துகிறார், திரும்ப ஓதச் சொல்கிறார். பழைய சபக் சரியாகும் வரை புதிய சபக் கொடுப்பதில்லை. 'என் பிள்ளை இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டான், போட்டோ அனுப்பியிருக்கிறேன், ஓதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று நம்மில் யாராவது உஸ்தாதிடம் சொல்வோமா? சொன்னால் அவர் ஒத்துக்கொள்வாரா? ஓதலுக்கு நாம் ஏற்காத ஒன்றைத் தமிழுக்கும் கணக்குக்கும் 19 மாதமாக ஏற்க வேண்டியதாகிவிட்டது. வேறு வழி இல்லாததால் ஏற்றோம். இப்போது வழி திறக்கிறது.

கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்று கேட்கலாம். 2019 ஆகஸ்டில் அரசு தொடங்கிய அந்த அலைவரிசை இந்தக் காலத்தில் பலருக்கு உதவியது, மறுக்கவில்லை. ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளை, ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளை, அதைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பதிலிருந்து ஒரு கை பக்கத்தில் வேண்டும். டிவி பேசும், கேட்காது.

ஆசிரியர்கள் மீது பழி போடவும் நான் தயாராக இல்லை. குரூப்பில் நூறு போட்டோவுக்கு டிக் போட்ட டீச்சர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். தெருவுக்கு வந்து மரத்தடியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்தார்கள். இந்த ஏற்பாட்டால் முடியாத ஒன்றை ஏற்பாட்டிடம் எதிர்பார்த்தோம், அவ்வளவுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்ட குழுவினர் இந்த ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், வசதி குறைந்த வீடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 1,400 பிள்ளைகளைப் பார்த்து ஓர் ஆய்வு செய்து, செப்டம்பரில் வெளியிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்துவந்தவர்கள் 100க்கு 8 பேர். அந்தச் சமயம் படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 100க்கு 37 பேர். அந்த 37இல் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு. தீப்பெட்டி ஆபீசுக்கும், கடைக்கும், தறிக்கும் போய்ப் பழகிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். கையில் காசு பார்த்த பிள்ளைக்கு, வாசிக்கத் தெரியாமல் வகுப்பில் உட்காருவது அவமானமாகப் படும். முதல் வாரம் போவான். டீச்சர் வாசிக்கச் சொல்வார். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் வயிற்றுவலி என்பான். நான் பயப்படுவது இதற்குத்தான். பள்ளி மூடியிருந்த காலத்தைவிடத் திறந்த பிறகு வரும் முதல் மூன்று மாதம்தான் பிள்ளை நிற்பானா, போவானா என்பதை முடிவு செய்யும்.

ஆகவே, தாய்மார்களே, சில விஷயங்கள்.

முதலாவது, நாளை அனுப்புங்கள். விருப்பமில்லாத பெற்றோரைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று அரசு சொல்லியிருக்கிறது. அதைச் சாக்காக வைத்து, 'தீபாவளி கழியட்டும், ஜனவரி வரட்டும்' என்று தள்ளிப்போட வேண்டாம். நோய்ப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. முகக்கவசம் போட்டு அனுப்புவோம், காய்ச்சல் என்றால் வீட்டில் வைப்போம், வீட்டுப் பெரியவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வோம். மதிய உணவுக்குப் பதிலாக இதுவரை அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கு வந்தன. இனி சூடான சோறு பள்ளியிலேயே கிடைக்கும். அதுவும் சிறிய விஷயம் அல்ல.

இரண்டாவது, இன்று இரவே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளையின் நோட்டைப் பார்க்க வேண்டாம். போன வருடத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, மனப்பாடம் ஆகாத ஒரு பக்கத்தைத் திறந்து, நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் 52இல் 27 போனால் எவ்வளவு என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை தங்குதடையின்றி வாசிக்கிறதா, திணறுகிறதா என்பது காதில் விழும். திணறினால் அடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அது அந்தப் பிள்ளையின் குற்றம் அல்ல.

மூன்றாவது, தெரிந்ததை மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 'டீச்சர், இவன் பெயருக்கு இரண்டாம் வகுப்பு. எழுத்தே முழுசாகத் தெரியாது. முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். எல்லோரும் பாஸ் என்று வந்த தாளை நம்பிக்கொண்டு நாம் சும்மா இருந்தால், ஆசிரியரும் புதிய புத்தகத்தின் முதல் பாடத்தைத் தொடங்கிவிடுவார். பழைய சபக் முடியாமல் புதிய சபக் வேண்டாம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நான்காவது, கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தியவர்கள் இருக்கிறீர்கள். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. அரசுப் பள்ளியில் நேராகப் போய்ச் சேருங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417இல் கேட்கலாம். சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருப்பவர்கள் கடைசி நாள் வரை காத்திராமல் விண்ணப்பியுங்கள்.

ஐந்தாவது, வேலைக்குப் போகும் பிள்ளைகள். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். ஆபத்தான தொழிலில் 18 வயது வரை கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. இன்று அவன் கொண்டுவரும் நூறு ரூபாய் நாளைக்கு அவன் பேரேட்டை வாசிக்கத் தெரியாமல் ஏமாறும் ஆயிரம் ரூபாயாக மாறும். பெண் பிள்ளைகள் விஷயத்திலும் அப்படியே. 'ரெண்டு வருஷம் வீட்டில் இருந்து பழகிவிட்டாள், இனி எதற்கு' என்ற பேச்சு என் காதில் விழுகிறது. அவள் வீட்டில் இருந்தது பள்ளி மூடியதால். பள்ளி திறந்தால் அவளும் போக வேண்டும்.

கடைசியாக, நம் அறக்கட்டளைப் பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. கடந்த 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்திருக்கிறார். தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். ஆனால் முதலில் 12 மாவட்டங்களில்தான் வருகிறது. நம் தென்காசி மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அது வரும்போது வரட்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டுமா?

பத்ருப் போருக்குப் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிணைத்தொகை கொடுக்க முடியாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் ஆளுக்குப் பத்து மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். எதிரியிடமிருந்தும் பிள்ளைகளுக்கு எழுத்தை வாங்கிக் கொடுத்த சமுதாயம் நாம். நம் சொந்தத் தெருவில் பன்னிரண்டாவது முடித்த பெண்கள், பட்டம் வாங்கிய பெண்கள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்! ஆளுக்குப் பத்துப் பிள்ளை போதும்.

நான் கேட்பது மூன்றுதான். மதரஸா ஹாலை அஸருக்குப் பிறகு மக்ரிப் வரை திறந்து கொடுங்கள். ஒரு கரும்பலகையும், பழைய ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் புத்தகங்களும் சேர்த்துக் கொடுங்கள். சொல்லிக்கொடுக்க வரும் பெண்களுக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள். அரசுத் திட்டத்திலேயே மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். வகுப்பில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். உஸ்தாத் ஓதக் கேட்பதுபோல், ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்க, ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டால் போதும். எந்தச் சமயத்துப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத குறை தெருவுக்குத் தெரு மாறுவதில்லை.

என் மகன் உட்பட முதல் பத்துப் பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். நாளை மாலை ஹால் திறந்தால் பாய் விரிக்க நான் வருகிறேன். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொடுக்கும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.