வீட்டு நாயும் முந்திரிகை வற்றலும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரு கரைகளிலும் நாயில்லாத வளவு அரிது. வயலையும் மீன் வாடியையும் காக்கும் அப்பிராணிக்கு வீட்டார் உண்டு எஞ்சியதே உணவு. பொங்கலன்று புக்கை, நத்தாருக்குக் கேக், பெருநாளுக்கு நெய்ச்சோறு எனச் சமய வேறுபாடின்றி எல்லாப் பண்டிகையும் அதன் சட்டிக்கு வந்து சேரும். இம்மூன்றிலும் இடம்பெறும் பொருள் ஒன்று உண்டு. அது கடைக்காரர் ‘பிளம்ஸ்’ என்று நிறுத்துக் கொடுக்கும் முந்திரிகை வற்றல். தமிழகத்தார் முந்திரி என வழங்குவது நம் நாட்டுக் கஜு. இங்கே கூறப்படுவது அதுவன்று.

முந்திரிகைப் பழமும் வற்றலும் நாயின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யும் என்பதை ஐக்கிய அமெரிக்க மருத்துவர்கள் 2001ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். காரணம் பூஞ்சணமோ பூச்சிநாசினியோ என நெடுநாள் ஐயுற்றனர். பின்னர், சிறுவர் விளையாடுவதற்கு வீட்டிற் பிசைந்த மாவுருண்டையைத் தின்ற நாயொன்று அதே நோய்க்கு ஆளாயிற்று. அம்மாவிற் கலந்திருந்தது தாத்தாரிக் அமிலத்தின் உப்பு. முந்திரிகையிலும் அவ்வமிலம் மிகுதி. ஆகவே அதுவே நஞ்சாதல் கூடும் என 2021இல் கருத்துரைத்தனர்.

அவ்வமிலம் செறிந்த வேறொரு பொருள் நம் அடுக்களைப் பானையிலேயே உண்டு. அது பழப்புளி. புளி தின்ற நாய்களிடத்தும் இந்நோய் காணப்பட்டுள்ளது. ஆணத்திற் கரைந்த சிறிதளவு புளியும் முழுப் புளியுருண்டையும் ஒன்றல்ல. ஆயினும் பானையை மூடி வைத்தல் நன்று.

முதல் நாளில் வாந்தி. பின்னர் சோர்வும் உணவில் வெறுப்பும். இரண்டொரு நாளிற் சிறுநீர் குறைந்து நின்றுவிடும். பாம்பு தீண்டிற்று என்பார் சிலர். அயலவன் நஞ்சு வைத்தான் என்று வேலிச்சண்டை தொடங்குவாரும் உளர். உண்மைக் காரணம் முந்தாநாட் பண்டிகைச் சட்டியில் இருந்திருக்கலாம்.

“முன்னரும் தின்றது, ஒன்றும் நேரவில்லையே” என்பது ஏற்கத்தக்க வாதமன்று. அமிலத்தின் அளவு பழத்துக்குப் பழம் வேறுபடும். தாங்குந்திறன் நாய்க்கு நாய் வேறுபடும். நிறையில் கிலோ ஒன்றுக்கு 3 கிராமுக்கும் குறைந்த வற்றலே தீங்கு விளைத்ததுண்டு. அவ்வாறாயின் 10 கிலோ நாய்க்கு ஒரு சிறங்கை போதும். கேக்கிற் சுடுவதால் நச்சு நீங்குவதுமில்லை.

வாந்தி தொடங்கும்வரை காத்திராமல், தின்றதைக் கண்டவுடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். அவர் வாந்தி எடுப்பித்து, நாளத்தின் வழியே நீரேற்றிச் சிறுநீரகங்களைக் காக்க முயல்வார். வீட்டில் உப்புநீர் புகட்டுவது தனியொரு ஆபத்து. எப்பொழுது, எவ்வளவு தின்றது என்பதைக் கூறுவதோடு, எஞ்சிய பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்வது வைத்தியருக்கு உதவும்.