ஒரு மாத்திரையின் விலை குறைய யார் பணம் போட்டார்கள்?

(மீஞ்சூரில் நடந்த நமது தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க.)



நம்ம வாட்ஸ்அப் குரூப்ல அடிக்கடி ஒரு பதிவு வரும். மேலே "அவசர மருத்துவ உதவி", கீழே ஜிபே நம்பர். நீங்களும் ஐநூறோ ஆயிரமோ அனுப்பியிருப்பீங்க. நல்ல காரியம். அதை நிறுத்தச் சொல்ல நான் வரல. ஆனா ஒரு கேள்வி. அந்த மருந்துக்கு ஏன் அவ்வளவு விலை? அதைக் குறைக்க யாராவது போராடுறாங்களா? அப்படிப் போராடுறவங்களுக்கு யார் பணம் தர்றாங்க?

பதில் ரொம்ப தூரத்துல இல்ல. மீஞ்சூர்ல ரயில் ஏறி பீச் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரத்துல உயர் நீதிமன்றம். இந்தக் கதையில் ஒரு முக்கியமான கட்டம் அங்கேதான் நடந்தது.

ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 'கிளிவெக்' என்று ஒரு மருந்து. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி தயாரிப்பு. மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. நோவார்ட்டிஸ் 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தது. காப்புரிமை கிடைத்தால் விலை குறைந்த மருந்து நின்றுபோகும்.

எதிர்த்து மனு போட்டவர்களில் இந்திய மருந்துக் கம்பெனிகள் இருந்தன. அவர்களுக்கு வியாபாரம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் கூடவே மும்பையின் 'கேன்சர் பேஷன்ட்ஸ் எய்டு அசோசியேஷன்' இருந்தது. 1969-ல் தொடங்கிய தொண்டு அமைப்பு. நம்மைப் போன்றவர்கள் தரும் நன்கொடையில் நடப்பது.

2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நோவார்ட்டிஸ் நம் உயர் நீதிமன்றத்துக்கு வந்து, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்றது. அது என்ன 3(டி)? நான் இன்ஜினியரிங் படிச்சவன், என் பாஷையில சொல்றேன். பழைய மோட்டாருக்குப் புது பெயின்ட் அடிச்சுட்டு "இது புதுக் கண்டுபிடிப்பு" என்று சொல்ல முடியாது. மருந்தின் வடிவத்தை மாற்றினால், அது முன்பைவிட நன்றாகக் குணப்படுத்துகிறது என்று காட்டணும். அவ்வளவுதான்.

2007 ஆகஸ்ட் 6 அன்று உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. வழக்கைக் கைவிடச் சொல்லி 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு நடத்திய இயக்கத்தில், உலகம் முழுக்க நாலு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். காப்புரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போன நோவார்ட்டிஸ், 2013 ஏப்ரல் 1 அன்று அங்கேயும் தோற்றது.

"அந்தக் கம்பெனி பலருக்கு இலவசமாவே கொடுத்ததே?" என்று கேட்பீங்க. உண்மைதான், கொடுத்தது. ஆனா தானம் என்பது கொடுக்கிறவர் கையில் இருக்கு. இன்னைக்குத் தருவார், நாளைக்கு நிறுத்தலாம். விலை குறைந்தால், கைநீட்டாமல் வாங்கலாம். நம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது. அது டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி இலவசமாகத் தர முடிவதும், போட்டிக்குப் பல கம்பெனிகள் இருப்பதால்தான்.

இது ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டம் இல்லை. 1997-ல் சென்னையில் தொடங்கிய எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு, 2006-ல் 'காம்பிவிர்' என்ற மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்த்தது. அதே ஆண்டு கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

அடுத்து காசநோய். பழைய மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 'பெடாகுவிலின்' கொடுக்கிறார்கள். அதன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றது. எதிர்த்தவர்கள் இரண்டு பெண்கள். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. இருவருமே காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய மருந்தின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' துணை நின்றது. 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்க. நாம் அனுப்பும் ஆயிரம் ரூபாய் ஒருவரின் சில நாள் மாத்திரை. அதே ஆயிரம் ஒரு எதிர்ப்பு மனுவுக்குப் போனால், ஜெயித்த பிறகு அந்த மருந்து தேவைப்படும் எல்லோருக்கும் விலை குறையும். ஆனால் வக்கீல், விஞ்ஞானி, ஆவணங்கள் என்று செலவு இருக்கு. வெளிநாட்டு நிதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று 2025 ஜனவரியில் பார்த்தோம். அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, பல நாடுகளில் எச்.ஐ.வி., காசநோய்ப் பணிகள் தடுமாறின.

அதனால மூணு விஷயம் கேட்கிறேன்.

1️⃣ உதவிப் பதிவைப் பகிரும் முன், அந்த மருந்து அரசு மருத்துவமனையிலோ முதலமைச்சர் காப்பீட்டிலோ கிடைக்குமா என்று விசாரிங்க.

2️⃣ மாதம் நூறு ரூபாயாவது ஒரு நோயாளர் அமைப்புக்குக் கொடுங்க. வரவு செலவைக் காட்டுகிறார்களா, மருந்துக் கம்பெனியிடம் பணம் வாங்குகிறார்களா என்று பார்த்துட்டுக் கொடுங்க.

3️⃣ ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், நம்ம வேட்பாளர் உட்பட, "3(டி) பிரிவைக் காப்பாத்துவீங்களா?" என்று கேளுங்க.

கடைசியா ஒண்ணு. காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, காப்புரிமை கொடுக்கும் முன் "எந்த நபரும்" எதிர்க்கலாம் என்கிறது. டாக்டரா, வக்கீலா இருக்கணும்னு இல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிச்சு வர்ற தொழிலாளியும் அந்த "எந்த நபரும்" தான். அந்த உரிமை ஏட்டில் மட்டும் இருக்கக் கூடாதுன்னா, அதுக்குப் பின்னால நம்ம காசும் நிக்கணும்.



#மருந்து_நம்_உரிமை #மீஞ்சூர்